எங்கே என்று கேட்கிற வேலை

எனக்கு வயது அறுபத்திரண்டு. வளர்த்தது ஏழு பிள்ளைகள். அதில் பெற்றது ஐந்து. மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஏழு பேரும் இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார்கள். அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? படிப்பு என்று பார்த்தால் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரைப் படிப்பேன். அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் பேத்தி கவிதா. பேச்சை அவள் புத்தக நடைக்கு மாற்றிக்கொள்ளட்டும், செய்தியை மாற்றக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன மாதம் மல்லிகா வீட்டுக்கு வந்தாள். மலாக்காவில் பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது அங்கே லைன் லீடர். உட்காருவதற்கு முன்பே சொன்னாள்: "அக்கா, ஒங்க ஜன்னல அடைச்சிட்டாங்க. போனக் கழட்டிட்டாங்க. அந்த எடத்துல தண்ணி மெஷின் வைக்கப் போறாங்களாம் லா."

"வைக்கட்டும். தாகத்துக்காவது ஆகும்" என்றேன்.

"புதுசா வந்த பொண்ணுங்க கேக்குதுங்க, அந்த ஜன்னல் எதுக்குன்னு. நான் சொன்னா சிரிக்குதுங்க. போன்ல ஆள் வச்சு சேதி சொன்னாங்களான்னு. நீங்களே எழுதிக் குடுங்கக்கா. ஓய்வு பெத்தவங்க மலர்ல போட்டுருவோம்."

இருபத்துமூன்று வருஷம் நான் உட்கார்ந்திருந்த ஜன்னல் அது. அத்தனை வருஷத்தில் நான் தவறாகக் கொண்டுபோன செய்தி ஒன்றே ஒன்று. அது ஆரம்பத்தில் நடந்தது, சிரித்துவிட்டுப் போகிற கதை. கடைசியில் ஒரு செய்தியைச் சரியாக வாங்கியும் கொடுக்க ஆளில்லாமல் நின்றேன். அன்றைக்கு சரஸ்வதி என்ற பெண் செத்துப்போனாள். அவளைப் பற்றிக் கம்பெனிக் காகிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் என் வாயிலிருந்து போனது. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பால்வெட்டிலிருந்து ஆலைக்கு வந்த கதையை நீட்டமாட்டேன். ரெம்பியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினெட்டு வருஷம் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டினேன். கணவர் இறந்தார். ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலைக்குச் சின்னப் பெண்களைத்தான் எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது உடை மாற்றும் அறை. வெள்ளை அங்கி, தொப்பி, துணிச் செருப்பு எடுத்துக் கொடுப்பேன், திரும்பி வாங்குவேன். அந்த அறைக்கும் வேலை நடக்கிற கூடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல், அதன் ஓரத்தில் சுவரில் ஒரு போன். கூடத்தில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் வெளியிலிருந்து வருகிற ஒரே வழி அந்தப் போன்தான்.

அந்த ஜன்னலில் என்னை உட்கார வைத்தவர் புவான் சல்மா; புவான் என்றால் மலாயில் அம்மா என்கிற மரியாதை. ஆள் நலன் பார்க்கிற அதிகாரி. குள்ளமான உருவம். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. முதல் நாள் அவரிடம் சொன்னேன், "புவான், எனக்கு எழுத வராது. சேதியை எப்படிக் குறித்து வைப்பேன்?"

மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "எழுதத் தெரிந்தவர்கள் பாதி கேட்கும்போதே எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நீ முழுதாகக் கேள். கேட்டதைப் போனிலேயே அவர்களிடம் திருப்பிச் சொல். அவர்கள் 'ஆமாம்' என்று சொன்ன பிறகு போனை வை."

இதைத்தான் என் வேலை என்று பிடித்துக்கொண்டேன். "தேங்காய் ரெண்டு, கறிவேப்பிலை ஒரு கட்டு, தம்பிக்குச் சட்டைப் பொத்தான்; சரிதானா?" "ஆமாக்கா." வைத்துவிடுவேன். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் முன்னால் பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். "எனக்கு எதுனா இருக்கா பாக்கியக்கா?" என்பார்கள். "ஒனக்கு ஒண்ணுமில்ல, ஒன் மாமியா இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்பேன். சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஆரம்பத்தில் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிவகாமி என்று ஒரு பெண். அவள் வீட்டிலிருந்து போன் வந்தது: "பாட்டி போயிட்டாங்கன்னு சிவகாமிகிட்ட சொல்லிருங்க." நான் திருப்பிச் சொன்னேன், "பாட்டி போயிட்டாங்க." "ஆமா" என்றார்கள். சொல் மாறாமல் கொண்டுபோய்ச் சொன்னேன். அந்தப் பெண் கூடத்திலேயே விழுந்து புரண்டு அழுதாள். கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பினோம். தலைவிரி கோலமாக அவள் வீட்டுக்குள் நுழைய, பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒப்பாரி வைக்க, அவள் அம்மா சட்டியும் கையுமாக வந்து, "யாருடி செத்தா?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி போனது சிரம்பானுக்கு, சின்ன மகன் வீட்டுக்கு. திரும்பி வந்த அந்தக் கிழவி சொல்லியனுப்பியது: "என்னைக் கொன்ன ஆபீஸ்காரிய ஒரு தடவ நேர்ல பாக்கணும்."

ஆலையே சிரித்தது. புவான் சல்மா சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "பாக்கியம், உங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளா?"

"ஆமாம் புவான். செத்தார் என்று நாங்கள் வாயால் சொல்லமாட்டோம். போயிட்டார் என்போம். அதனால்தான் வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூடப் போறேன் என்று சொல்லமாட்டோம். போயிட்டு வரேன் என்போம்."

அவர் சொன்னார்: "மலாயிலும் அப்படித்தான். 'இனி இல்லை' என்போம். வீட்டில் இல்லையா, உலகத்தில் இல்லையா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இனிமேல் அந்தச் சொல் வந்தால் 'எங்கே' என்று கேள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் கேள்."

அன்றிலிருந்து கேட்டேன். "அத்தை போயிட்டாங்க." "எங்கே?" எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். "என்னம்மா கேள்வி இது, எழவு சொல்றேன், எங்கேன்னு கேக்குற?" என்பார்கள். திட்டட்டும். ஊருக்குப் போனவர் யார், ஒரேயடியாகப் போனவர் யார் என்று எனக்குத் தெளிவாகும்வரை போனை வைக்கமாட்டேன்.

சாவுச் செய்தி என்று உறுதியானால் அதற்கு ஒரு முறை உண்டு. புவான் சல்மா வகுத்தது. கூடத்துக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. முதலில் லைன் லீடரிடம் கண்ணைக் காட்டி, அந்தப் பெண்ணின் மெஷினுக்கு வேறு ஆளை நிறுத்த வேண்டும். பிறகு பின்னால் போய் இடது தோளில் கையை வைத்து, "கொஞ்சம் வா" என்று மட்டும் சொல்ல வேண்டும். என் அறைக்கு வந்ததும் தொப்பியையும் துணிச் செருப்பையும் கழற்றி அவளுடைய சொந்தச் செருப்பைப் போட வைக்க வேண்டும். சுவர் ஓரத்துப் பெஞ்சில், முதுகு சுவரில் படுகிற மாதிரி உட்கார வைத்து, சீனி போட்ட சுடுதண்ணீர் கொடுக்க வேண்டும். அதைக் குடிக்கும்போதே, மோட்டார் சைக்கிளில் வந்தவளாக இருந்தால், லாக்கரைத் திறந்து சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொள்வேன். செய்தியைச் சொல்வது அதற்கும் பிறகுதான்.

"சாவி வாங்காமல் ஒரு சொல்லும் சொல்லாதே" என்பார் புவான் சல்மா. "அழுகிறவளுக்கு ரோடு தெரியாது. வேன் கொண்டுபோய் விடும்."

அவரே வந்து சொல்கிற நாட்களில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நிற்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "மறந்துபோய் மணி பார்த்துவிடுவேன். அதை அவர்கள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்" என்றார்.

இந்த முறையில் எத்தனை பெண்களுக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. அழாதவர்கள் உண்டு. என்னை அடித்தவர்கள் உண்டு. எல்லோரும் வேனில்தான் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்திகூட வழியில் விழவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கெடுத்தது.

ஹேண்ட்போன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் இடுப்பில் பேஜர் வந்தது. அது கூவினால் என் ஜன்னலுக்கு ஓடி வந்து, "அக்கா, ஒரு போன் அடிச்சிக்கிறேன்" என்பார்கள். அப்போதும் என் ஜன்னலுக்கு வேலை இருந்தது. பிறகு மேனேஜர்கள் கையில் செங்கல் மாதிரி ஒன்று வந்தது. அது சின்னதாகிச் சின்னதாகி, பெண்களின் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் ஜன்னல் முன்னால் வரிசை குறைந்தது. அவர்கள் வேலிப்பக்கம் போய் ஆளுக்கொரு மூலையில் நின்று கையோடு பேசினார்கள். அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கிறவளின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று முன்பெல்லாம் கூடமே அறியும், ஏனென்றால் அந்தச் செய்தி என் வழியாக வந்தது. இப்போது அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவள் தனியாகவே அழுது, முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

என் வீட்டிலும் அதே கதைதான். மெர்லிமாவில் இருக்கிற என் பெரிய மகன் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் வந்து வாசலில் நின்று, "அம்மா, கோப்பி இருக்கா?" என்று சத்தம் போடுவான். ஹேண்ட்போன் வாங்கிய பிறகு, "வரலாம்னு பாத்தேன்மா, அதான் போன்லயே பேசிட்டோமே" என்றான். அவன் குடியிருக்கிற தோட்டத்தில் லைன் கிடைக்காது. பாடாங் என்கிற விளையாட்டுத் திடல் ஓரத்தில் சாக்கடைக் கட்டை மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் அங்கே நாலைந்து பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், கொக்கு மாதிரி நிற்பார்கள்.

உற்பத்திக் கூடத்துக்குள் ஹேண்ட்போன் கூடாது என்று கம்பெனி சட்டம் போட்டது. லாக்கரில் வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே போகிறவர்களின் அங்கிப் பையைத் தடவிப் பார்த்து அனுப்புகிற வேலையும் எனக்கு வந்தது.

கடலுக்கு அக்கரையில் காடு எரிந்து புகைமூட்டம் வந்த வருஷம் அது. மலாக்கா முழுக்கச் சாம்பல் நிறம். எதிரில் வருகிற பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். சரஸ்வதி அப்போது மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டாரில் வந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு. நான் ஜன்னலுக்கு வந்த வருஷம் பிறந்தவள். அம்மா இல்லை. அப்பா முனியாண்டி, பழைய பால்வெட்டுத் தொழிலாளி, நெஞ்சு வலியோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணன் குமரேசன் லாரி ஓட்டுகிறவன். தன் ஹேண்ட்போனைத் தங்கையிடம் கொடுத்து வைத்திருந்தான்.

திங்கட்கிழமை அவள் அங்கியைத் தடவியபோது இடுப்பில் கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"இதென்ன சரசு?"

"அக்கா, ஒரு வாரம்தான் லா. அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு. அண்ணன் போன் அடிப்பான்."

"எஞ்ஜன்னல்ல போன் இருக்குல்ல. அதுல அடிக்கச் சொல்லு."

"ஒங்க போன் எப்பவும் எங்கேஜ்டுக்கா. போன வாரம் அண்ணன் மூணு தரம் அடிச்சிருக்கான், கெடைக்கல. இது சத்தம் போடாதுக்கா, துடிக்க மட்டும்தான் செய்யும்."

"கூடாதுன்னா கூடாது."

அவள் சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. "என்னக்கா, எல்லாரும் ஹேண்ட்போன் வச்சிக்கிட்டா ஒங்க வேலை போயிடும்னு பயமா?"

வரிசையில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அந்த ஒரு சொல் என்னைக் குத்திவிட்டது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பயந்தவளா நான்? என்னை அப்படி நினைத்துவிட்டாளே என்று இருந்தது. பயமில்லை என்று காட்டுவதற்காக அந்தப் போனை என் கையாலேயே அவள் இடுப்பில் திருப்பிச் செருகினேன். "வச்சிக்க. யார் கண்லயும் படாமப் பாத்துக்க" என்றேன்.

இதுதான் நடந்தது. சரசு ஒளித்து எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் கொடுத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். என் போனில் ஒரு பெண்ணின் மாமியார் பேசிக்கொண்டிருந்தார். சாமான் பட்டியல். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கூடத்தின் கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி, துணிச் செருப்போடு ஒருத்தி என் ஜன்னலைத் தாண்டி ஓடினாள். சரசு என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. வயிற்று வலியாக இருக்கும் என்று நினைத்தேன். லாக்கர் திறக்கிற சத்தம் கேட்டது. சாவிக் கொத்து கிலுகிலுத்தது. கையைத் தூக்கி, "சரசு, நில்லு" என்றேன். போனில் மாமியார், "என்னம்மா, கேக்குறியா?" என்றார். நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "பருப்பு ஒரு கிலோ, நெத்திலி அரைக் கிலோ." அந்தப் பட்டியலை முடிக்காமல் வைத்திருக்கலாம். முடித்துவிட்டுத்தான் வைத்தேன். வெளியே ஓடி வந்தபோது மோட்டார் சத்தம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. புகையில் அவள் வெள்ளை உடை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

உள்ளே போன் அடித்தது. எடுத்தேன்.

"பாக்கியக்காவா? நான் சரசு அண்ணன் குமரேசன் பேசுறேன். ரொம்ப நேரமா அடிக்கிறேன், எங்கேஜ்டு. அக்கா, சரசுகிட்ட சொல்லிருங்க, அப்பா போயிட்டாரு."

என் வாய் தானாகக் கேட்டது. "எங்கே?"

"வீட்டுக்குத்தான்க்கா! காலையிலயே டாக்டர் விட்டுட்டாராம். பக்கத்து வீட்டு ஆளு கார்ல கூட்டிட்டுப் போயிட்டாரு. நாந்தான் சோத்தத் தூக்கிட்டு வந்து பாத்தா கட்டில் காலி. ஒரு நிமிஷம் எனக்கே உசுரு போயிடுச்சு. சரசுக்கு அடிச்சேன், பாதியில காசு முடிஞ்சு கட்டாயிடுச்சு. சில்லறை மாத்திட்டு வந்து அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குது."

"அப்பா வீட்டுக்குப் போயிட்டாரு. நல்லா இருக்காரு. சரிதானா?" என்று திருப்பிச் சொன்னேன்.

"ஆமாக்கா."

அந்தச் செய்தியை வாயில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். சரசுவின் முக்காலி காலியாக இருந்தது. பக்கத்து மெஷினில் மல்லிகா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னாள்: "போன் துடிச்சிச்சுக்கா. குனிஞ்சு காதுல வச்சா. 'எப்பண்ணா?'ன்னு கேட்டா. மறுபடியும் 'அண்ணா, எப்ப?'ன்னா. அப்புறம் எழுந்து ஓடிட்டா."

காசு போட்டுப் பேசுகிற போனில் குமரேசன் சொன்னது இவ்வளவுதான்: "சரசு, அப்பா போயிட்டாரு. கட்டில் காலியா கெடக்கு." அத்தோடு அறுந்துபோனது. வீட்டுக்கு என்ற ஒரு சொல் வந்து சேரவில்லை. அவள் எங்கே என்று கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. இருந்தாலும் அவள் கேட்டது எப்போது என்று. நோயாளி அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்த எந்த மகளுக்கும் அதுதான் வாயில் வரும். அதற்காகத்தானே நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன்?

புவான் சல்மாவிடம் ஓடினேன். அவர் உடனே வேனை அனுப்பினார். வேன் ஆஸ்பத்திரி போகிற வழியில் இரண்டாவது முச்சந்தியில் நின்றுவிட்டது. புகைக்குள்ளிருந்து வந்த லாரியை அவள் பார்க்கவில்லையாம். லாரிக்காரனும் அவளைப் பார்க்கவில்லையாம். வேன் டிரைவர் ரோட்டோரக் கடையிலிருந்து போன் செய்தான். நான்தான் எடுத்தேன். அவன் மலாயில், "அவள் இனி இல்லை" என்றான். அவனிடமும் கேட்டேன், எங்கே என்று. அவன் அழுதான்.

குமரேசனுக்குப் போலீஸ் சொல்லிவிட்டது. அவன் பிணவறை வாசலில் நின்றான். அப்பாவிடம் யார் சொல்வது? "நீ வா பாக்கியம். எனக்கு உங்கள் மொழி தெரியாது" என்றார் புவான் சல்மா. வேனில் மெர்லிமாவ் போனோம். தோட்டத்து வளைவில் திரும்பும்போது அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

முனியாண்டி அண்ணன் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டை இன்னும் மணிக்கட்டில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வா தங்கச்சி, வா. கம்பெனி வேனா? நீ பாக்கியம்தானே? சரசு வீட்டுக்கு வந்தா ஒன் பேச்சுதான். 'எங்கே எங்கே'ன்னு கேக்குற அக்கான்னு." சிரித்தார். "என்னைப் பாக்கவா இவ்வளவு தூரம்? எனக்கு ஒண்ணுமில்லம்மா. டாக்டரே போகச் சொல்லிட்டாரு. புள்ளைக்கு இன்னும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"அண்ணே, உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சீனி போட்டு சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். முதுகு சுவரில் படுகிற மாதிரி அவரை உட்கார வைத்தேன். முறைப்படி எல்லாம் செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைக் குடித்தார்.

"அண்ணே, சரசு போயிட்டா."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எங்க?" என்று கேட்டார்.

என்னைக் கேலி செய்யக் கேட்கவில்லை. ஷிப்டு முடிந்து எங்காவது போயிருக்கிறாளா, கடைக்குப் போயிருக்கிறாளா, ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்கிறாளா என்று ஒரு தகப்பன் கேட்கிற கேள்வி. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களைக் கேட்ட கேள்வி என் எதிரில் வந்து நின்றது. போயிட்டா என்ற சொல்லுக்குள் அதற்குப் பதில் இல்லை. அதுவரை யாரிடமும் நான் சொல்லாத சொல்லை அவரிடம் சொன்னேன்.

"செத்துட்டா அண்ணே."

அவர் அழவில்லை. மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பிய்க்க ஆரம்பித்தார். அது அறுபடவில்லை. பல்லால் கடித்தார். புவான் சல்மா போய்த் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இருட்டும் வரை விடவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. புவான் சல்மா என்னைக் கூப்பிட்டார். மேசையில் காகிதம், பேனா. "கூடத்துக்குள் போன் எப்படிப் போனது, பாக்கியம்? நீதானே தடவிப் பார்ப்பாய்?"

எழுதத் தெரியாத எனக்கு இத்தனை வருஷம் என் வாய்தான் காகிதம். கேட்டதை மாற்றாத வாய் என்று பெயர். அந்த வாயால் சொன்னேன்: "தெரியாது புவான். ஒளித்துக் கொண்டுபோயிருப்பாள்."

அவர் வழக்கம்போல் திருப்பிச் சொன்னார். "ஒளித்துக் கொண்டுபோனாள். உனக்குத் தெரியாது. சரிதானா?"

"ஆமாம் புவான்" என்றேன். எழுதிக்கொண்டார்.

காரியத்தன்று மெர்லிமாவுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் முனியாண்டி அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சி, கம்பெனிக் காயிதத்துல எம்புள்ள திருட்டுத்தனமா போன் கொண்டுபோச்சுன்னு போட்டிருக்காம். எம்புள்ள திருட்டுத்தனம் பண்ணாது. ஒனக்குத் தெரியாமலா போச்சு?"

பந்தியில் இரண்டு மூன்று ஹேண்ட்போன்கள் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. யாரோ எழுந்துபோய்ப் பேசினார்கள். அந்தச் சத்தத்தில் கேட்காத மாதிரி நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்துபோனார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வேலை செய்தேன். என் போன் எப்போதாவது அடிக்கும். வேலையை விட்டு நின்ற நாளில் பிள்ளைகள் சேர்ந்து எனக்கொரு ஹேண்ட்போன் வாங்கிக் கொடுத்தார்கள். அது பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. பஸ்ஸில், பசாரில், கோயில் வரிசையில் பார்க்கிறேன். போனை எடுத்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எங்க இருக்க?" என் கேள்விதான். இப்போது உலகமே கேட்கிறது. அவசரமில்லாத இடத்தில் எல்லாம் கேட்கிறார்கள். கெட்ட செய்தியோ, வாங்குகிறவள் ரோட்டில் இருக்கிறாளா, மெஷின் முன்னால் இருக்கிறாளா, அவள் முதுகுக்குச் சுவர் இருக்கிறதா, சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒன்றும் பார்க்காமல் நேராகப் போய்க் காதில் விழுகிறது. விழுகிறபோது அவள் முகத்தைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

இதைச் சொல்லி என் தப்பைப் போன் மேல் போடப் பார்க்கவில்லை. புகை மேலும் போடவில்லை. ஊர் புகை என்றது, கம்பெனி சரசு என்றது. புவான் சல்மா வேலையிலிருந்து நின்று ஜாசினில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பிரதி போகட்டும் என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன். முனியாண்டி அண்ணன் அதே தோட்டத்து வீட்டில் இருக்கிறார். அவருக்கும் என்னை மாதிரிதான் படிப்பு. மலரை அனுப்பி யாரையோ படித்துக் காட்டச் சொல்லமாட்டேன். அச்சாகி வந்ததும் கவிதாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து படிக்கச் சொல்வேன். படிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் இருப்பேன். அதன் பிறகு அவர் என்னை வீட்டுக்குள் விடுவதும் விடாததும் அவர் இஷ்டம்.

சரசுவின் இடுப்பில் நான் போனைச் செருகியதைச் சொல்லும்போது கவிதா பேனாவை நிறுத்திவிட்டாள். "பாட்டி, இது வேணுமா? மல்லிகா ஆன்ட்டி எல்லாம் படிப்பாங்க லா" என்றாள். எழுது என்றேன். எழுதினாள் என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவையும் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

அதனால் கவிதா, இப்போது முதலிலிருந்து படி. அவசரப்படாதே. நான் குறுக்கே பேசமாட்டேன். அந்தத் திங்கட்கிழமை வருகிற இடத்தை மட்டும் இரண்டு தடவை படி. சரியாக இருந்தால் நான் ஆமாம் என்று சொல்வேன். அதன் பிறகு பேனாவை மூடு.